நண்டு ஓட்டம் ரெக்கார்டு

சவுரிராயனை ஏமாற்றப் பெரிய சாமர்த்தியம் எதுவும் வேண்டாம். நம்பிவிட்டான் என்றால் முழுசாக நம்புவான், அப்படியொரு பிறவி. விழுப்புரம் எஞ்சின் ஷெட்டில் வாரம் முழுக்கக் கரியோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிறு பூசை முடிந்த கையோடு திண்டிவனத்துக்கு ரயிலேறிவிடுவான். அங்கே மைக் செட் வைத்திருந்த சக்கரபாணியிடம்தான் ரெக்கார்டு பிளேயர் இருந்தது. ரெக்கார்டுகள் இவனுடையவை. ஒருவன் இல்லாமல் மற்றவனுக்குப் பாட்டு கிடையாது.

மூன்றே ரெக்கார்டு. அறுபத்தைந்தில் பாண்டிச்சேரி வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பிய ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கியது. வாசித்தவன் ஹங்கேரிக்காரன் என்று பங்குச் சாமியார்தான் அட்டையைப் பார்த்துச் சொன்னார். தன் நாட்டு மெட்டையும் அமெரிக்க ஜாஸையும் ஒன்றாகப் போட்டுக் கிதாரில் புரட்டி எடுத்திருந்தான் மனுஷன். அட்டையில் இருந்த பெயர்கள் வாயில் நுழையவில்லை. நண்பர்கள் இருவரும் தாங்களே பெயர் வைத்தார்கள். ஒன்று கோடைமழை, ஒன்று கூட்ஸ் வண்டி. எல்லாவற்றிலும் உசத்தி நண்டு ஓட்டம். அதில் கிதார் பக்கவாட்டில் ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். முதல் நாளே சவுரிராயன் முள்ளைத் தவறவிட்டதில் அதில் ஒரு கீறல். அந்த இடம் வந்தால் பாட்டு அங்கேயே நொண்டும். முள்ளை விரலால் லேசாகத் தள்ளிவிட வேண்டும்.

ஒரு தடவை சக்கரபாணி கெஞ்சினான் என்று நண்டு ஓட்டத்தை அவனிடமே விட்டுவிட்டு வந்தான். மறுவாரம் போனால், பேப்பரில் கறுப்புத் துண்டுகளை வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"ஹாரன் ஸ்பீக்கரு மேல வுழுந்து தூளாயிடிச்சி மச்சான். என்னச் செருப்பால அடி!"

கண்ணில் தண்ணீர் வேறு. சவுரிராயனுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் இவன்தான் அவனைத் தேற்றி, காபி வாங்கிக் கொடுத்தான். அந்தத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வேறு வைத்தான்.

ஆவணியில், ஷெட்டில் கூட வேலை செய்பவன் வீட்டுக் கல்யாணத்துக்காகத் திருவெண்ணெய்நல்லூர் போனான். பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே பனைமரத்தில் கட்டிய ஹாரனில் நண்டு ஓடுகிறது! அட, இந்த ரெக்கார்டு இன்னொருத்தரிடமும் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டான், பைத்தியக்காரன்.

பாட்டு நொண்டியது. அதே இடம். ஒரு நொடியில் யாரோ தள்ளிவிட, மறுபடி ஓடியது. சவுரிராயன் ஹாரன் ஒயர் போன வழியே நடந்தான்.

பந்தலுக்குப் பின்னால் சக்கரபாணி முள்ளில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். இவனைப் பார்த்ததும் முகம் வெளுத்தது, அதுவும் கொஞ்ச நேரம்தான்.

"அந்தத் துண்டெல்லாம் ஏதுடா?" என்றான் சவுரிராயன்.

"ஏதோ பழைய ரெக்கார்டு. உன்னக் கேட்டா, கல்யாணத்துக்குப் போடாத, தேஞ்சிபூடும்பே. இந்தப் பாட்டுக்கோசரமே என்னத் தேடிக்கினு வர்றாங்கடா. ஃபாரின் செட்டுன்னு பேரு!"

"நீ அழுதியேடா. நான் காபி வாங்கிக் குடுத்தேனே."

"வுடுறா, அதையே புடிச்சிக்கினு. ஜல்தியா போய்ச் சாப்பிடு, பந்தி போய்க்கினு இருக்குது." சக்கரபாணி ரெக்கார்டைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "அந்தக் கோடைமழையும் கூட்ஸ் வண்டியும் உன் ஊட்ல சும்மாதான கெடக்குது? வர்ற ஞாயித்துக்கெழம எடுத்தாந்து குடேன்."

சவுரிராயன் பந்திப் பக்கம் திரும்பவில்லை. கழற்றிப் போட்ட செருப்பை மாட்டிக்கொண்டான்.

"அதுங்களா?" என்றான். "அதுங்களும் ஒடஞ்சிபோச்சுடா."