சேனை வைத்த பால்மாவுக்காரர்

என் மகள் பிறந்தபோது அவள் நாக்கில் சேனை தொட்டு வைத்தவர் பால்மாவுக் கம்பெனியின் ஜெயசிங் சார். அப்போது அதுதான் நடைமுறை. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு நாற்காலி கிடக்கும். பிள்ளை பிறப்பதற்கு முன்பே அதில் கம்பெனிக்காரர் வந்து உட்கார்ந்திருப்பார். வலியில் துடிக்கிறவளுக்கு அவரே விசிறிவிடுவார். நல்ல மனுஷர்கள்.

சேனை என்றால் என்னவென்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை வைப்பது. வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும். அதனால் குடும்பத்தில் யார் நல்லவர் என்று வளைகாப்பன்றே சண்டை தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் சண்டை இல்லை. என் அண்ணன் பெண்டாட்டி சொர்ணம் மைனிதான் வைக்க வேண்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மைனி யாரைப் பற்றியும் முதுகுக்குப் பின்னால் பேசமாட்டாள். முகத்துக்கு நேராகவே பேசிவிடுவாள்.

மைனி வந்த பஸ் ஊர் எல்லையில் படுத்துக்கொண்டது. வெயில் காலத்தில் பஸ்கள் அப்படித்தான் செய்யும். அது அசைபோட்டு முடித்து எழுந்திருக்கும்வரை பயணிகள் நிழலில் நின்றார்கள். மைனி சர்க்கரைத் தண்ணீரோடு வந்து சேர்ந்தபோது ஜெயசிங் சார் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீங்க யாரு?” என்றாள் மைனி.

“சொந்தம் வர்ற வரைக்கும் நான்தாம்மா சொந்தம்.”

“இப்ப நான் வந்துட்டேம்லா.”

“பிள்ளைக்கு நாக்கு ஒண்ணுதானேம்மா,” என்றார் அவர். வருத்தமாகத்தான் சொன்னார்.

மறுநாளே மகளுக்கு அவர் ஜாடை வந்துவிட்டது. தலைமுடியில் இடதுபக்கம் வகிடு விழுந்தது. அவள் அழவில்லை. பசித்தால் தொண்டையைச் செருமினாள். மார்போடு அணைத்தால் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் கூப்பினாள். வேண்டாம் என்பதை அத்தனை மரியாதையாக அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. பால்புட்டியைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டாள்.

எனக்குப் பால் சுரக்கத்தான் செய்தது. ஜாக்கெட் நனைந்துகொண்டே இருந்தது. குடிக்கத்தான் ஆள் இல்லை.

“குடிக்காட்டா பால் வத்திரும்மா. அப்புறம் நீங்க என்னைத்தான் பாக்கணும்,” என்றார் ஜெயசிங் சார். மிரட்டவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

வற்றுவதற்குள் அவள் என்னிடம் ஒரு வாயாவது குடிக்க வேண்டும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் டப்பாக்கள் சேர்ந்தன. யாரும் வாங்கி வரவில்லை. அவையாகவே வந்து அலமாரியில் ஏறி உட்கார்ந்தன. டப்பாவின் மேல் ஒரு கொழுகொழுக் குழந்தையின் படம் இருந்தது. அந்தக் குழந்தை வளர்ந்தது. தெருப் பெண்கள் என் மகளைப் பார்க்க வருவார்கள். பார்த்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்புவார்கள். எதிர்வீட்டு முப்புடாதி அக்காள் தினமும் வருவாள்.

“டப்பாப் பய குப்புற விழுந்துட்டானே. உம் மக என்னட்டி இன்னும் மல்லாக்கக் கெடக்கா?”

“அது படம்க்கா.”

“படமே விழுதான். ரத்தமும் சதையுமா இருக்கவ விழ வேண்டாமா?”

“விழுவா.”

“ஒம் பாலு தண்ணியா இருக்கும். ஒடம்பப் பாரு, ஒட்டடைக் குச்சி கணக்கா.”

நான் என் உடம்பைப் பார்த்தேன். அது ஒட்டடைக் குச்சியாகத்தான் இருந்தது. அக்காள் அதை எடுத்து ஒரு மூலையில் ஒட்டடை அடித்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

என் வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போயிருந்தார். திரும்பி வந்ததும் டப்பாப் பிள்ளையைத்தான் முதலில் தூக்கிக் கொஞ்சினார். அப்புறம் வெளிச்சம் போதவில்லை என்றார்.

விடுப்பு முடிந்து நான் மில்லுக்குப் போனேன். எங்கள் மில்லில் பால் கொடுக்கும் அறை உண்டு. இருக்க வேண்டும் என்று சட்டம். மைனி காலையிலேயே பிள்ளையோடு வந்து அந்த அறையில் உட்கார்ந்துகொள்வாள். இடைவேளைச் சங்கு ஊதியதும் நான் போக வேண்டும். போவதற்கு ஒரு வராந்தா. தாய்மார்கள் நடக்க நடக்க அது நீளும்.

மேஸ்திரியிடம் சொன்னேன்.

“வராந்தா நீளுது மேஸ்திரி.”

“அறை இருக்கா இல்லையா?”

“இருக்கு. கதவு தெரியுது.”

“தெரியுதுல்லா. பெறகென்ன?”

இத்தனை வருஷம் ஆகிவிட்டது. பிறந்த வீடு மறந்துபோயிற்று. வாழ வந்த வீட்டின் சுவர் நிறம்கூட ஞாபகமில்லை. ஆனால் அந்த வராந்தா அப்படியே கண்ணில் நிற்கிறது. அங்கே எனக்கு முன்னால் புறப்பட்ட பெண்கள் இன்னும் போய்க்கொண்டிருந்தார்கள். பஞ்சு பறந்து வந்து எங்கள் தலையில் படியும். இருபது வயசுக்காரிகளெல்லாம் நரைத்துப்போய், ஒருத்தியை ஒருத்தி கிழவி என்று கூப்பிட்டுச் சிரிப்போம். முன்னால் போகிறவள் பின்னால் வருகிறவளுக்குக் காராச்சேவைத் தூக்கிப் போடுவாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகக் கனத்தால் பக்கத்திலிருப்பவள் சுடுதண்ணீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுப்பாள். பாலைத் தரையில் விடமாட்டோம். காலில் மிதிபடக் கூடாது. சுவரோரம் முளைத்திருந்த செம்பருத்தியின் தூரில் பீய்ச்சிவிடுவோம். அந்தச் செம்பருத்திகள் வெள்ளையாகப் பூத்தன. பஞ்சும் பாலும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை உண்டு. அந்த வாசனை பிறகு எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை.

இசக்கியம்மாள் பாதி வழியில் அடுப்பு மூட்டியிருந்தாள். மகன் பிறந்த மாதம் புறப்பட்டவள். மகன் இப்போது கண்டக்டர். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

“அவனுக்குப் பால் குடுக்கத்தான் போயிட்டிருக்கேன். போற வழியில பட்டுச்சேலையும் எடுக்கணும்.”

“குடிப்பானாக்கா?”

“கேட்டுப் பாக்கணும். கூச்சப்படுவான்.”

ஜெயசிங் சார் மட்டும் எப்போதும் சுலபமாக வந்துபோவார். டப்பா கொண்டு வருகிறவர்களுக்கு வராந்தா குட்டையாக இருந்தது. ஒருநாள் அப்படித்தான் அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அடுத்த எட்டில் என் முன்னால் நின்றார்.

“வடிவும்மா, மைனிகிட்ட புது டப்பா ஒண்ணு குடுத்திருக்கேன்.”

என் ஜாக்கெட் அன்று காலையிலிருந்து நனையவில்லை. அவர் அதைக் கவனித்தார். நானும் கவனித்திருந்தேன்.

“வத்துதும்மா,” என்றார்.

“ஒக்காருங்க சார்.”

அவர் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். இசக்கியம்மாள் காராச்சேவு கொடுத்தாள். பசித்தவர்போல வேகமாகத் தின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

“சார், ஒங்களுக்கு யாரு சேனை வச்சா?”

அவர் யோசித்தார்.

“எனக்கு யாரும் வைக்கலம்மா. நான் பிறந்தப்ப அம்மா வேலைக்குப் போயிருந்தாங்க.”

“அப்ப ஒங்களுக்கு யாரு கொணம்?”

“கம்பெனியில குடுத்தாங்க.”

“அடப் பாவமே,” என்றாள் இசக்கியம்மாள். “அப்ப நாக்கு சும்மாவா கெடக்கு?”

“சும்மாதான் கெடக்கு.”

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் மகளுக்கு இவர் குணம். இவருக்கு யார் குணமும் இல்லை. இவருக்கு நான் வைத்தால் என் குணம் இவருக்கு வரும். இவரிடமிருந்து என் மகளுக்கு வரும். சுற்றுவழிதான். நேர்வழிதான் நீண்டுகொண்டே போகிறதே.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முதலில் பால் வரவில்லை. இசக்கியம்மாள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். “பிள்ளைய நெனச்சுக்கட்டி,” என்றாள். நினைத்தேன். கூப்பிய சின்னக் கைகள்தான் ஞாபகம் வந்தன. அவற்றின் நகங்கள் வளர்ந்திருந்தன. நறுக்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். அப்போது விரல் நுனியில் ஒரு சொட்டு வந்து நின்றது.

“நாக்க நீட்டுங்க சார்.”

அவர் பையைக் கீழே வைத்தார். நீட்டினார். தொட்டு வைத்தேன்.

ஜெயசிங் சார் வாயை மூடிச் சப்புக்கொட்டினார்.

“சர்க்கரை போட்டீங்களா?”

“இல்ல சார்.”

“இனிக்குதே.”

“ஆமா.”

“இத்தனை வருஷமா இதப் பத்திப் பேசிட்டிருக்கேன்,” என்றார். “இனிக்கும்னு யாரும் சொல்லலையே.”

அவர் தலையில் பஞ்சு படிய ஆரம்பித்தது. வகிடு மூடிக்கொண்டது. தோளில் இல்லாத முந்தானையை இழுத்துச் செருகினார். எழுந்து, அறைக் கதவைப் பார்த்தார். நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வேகமாக நடந்தார். நடந்துகொண்டே இருந்தார். கதவு அப்படியே தூரத்தில் நின்றது. திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

“வராந்தா நீளுது.”

“ஆமா சார்.”

“இது எங்க மீட்டிங்ல வந்ததே இல்லம்மா.”

அந்த நேரத்தில்தான் அறைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. செருமல் இல்லை. அழுகை. என் மகள் அதுவரை அழுததே இல்லை. ஆனாலும் அது அவள்தான் என்று எனக்குத் தெரிந்தது.

வராந்தா முழுக்க எல்லாருக்கும் பால் சுரந்தது. கண்டக்டர் மகனைப் பெற்ற இசக்கியம்மாளுக்கும் சுரந்தது. எனக்கு மார்பு குறுகுறுத்து, ஜாக்கெட் ஒரு நொடியில் நனைந்து, புடவை நனைந்து, முழங்கால்வரை ஈரம் இறங்கியது. ஜெயசிங் சாரின் சட்டையிலும் இரண்டு வட்டங்கள் தெரிந்தன. அவர் பையை எடுத்து மறைத்துக்கொண்டார்.

“மறைக்காதீங்க சார்,” என்றாள் இசக்கியம்மாள். “காஞ்சா கஞ்சி போட்ட மாதிரி நல்லா வெறப்பா நிக்கும்.”

மைனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் தாய் இல்லை. அவளுக்கு வராந்தா நீளவில்லை.

“ஏட்டி வடிவு, புட்டியத் தட்டி விட்டுட்டா. என் கழுத்தப் பிறாண்டுதா. பிடி இவள.”

பின்னாலேயே மேஸ்திரி வந்தார்.

“இங்க வச்சுக் குடுக்கக் கூடாது. அறையில போய்க் குடு.”

“அறை அங்கனயே கெடக்கட்டும்,” என்றாள் மைனி. “நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. ஒங்களையும் ஒருத்தி வளத்துதானே விட்டா?”

மேஸ்திரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அங்கேயே நின்று கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துச் சுண்ணாம்பானார். சுவரில் அவர் இருந்த இடம் லேசாகப் புடைத்திருந்தது.

நான் தரையில் உட்கார்ந்து மகளை மடியில் போட்டேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கைகளைத் தூக்கினாள். ஜெயசிங் சார் பக்கத்தில் குந்தியிருந்து மூச்சுவிடாமல் பார்த்தார்.

கைகள் சேரவில்லை. விரல்களை விரித்தாள். வளர்ந்த நகங்களால் என்னைப் பற்றினாள். வாயைத் திறந்தாள்.

வலித்தது. பிறகு அவள் விழுங்குகிற சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். அதைவிடப் பெரிய ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

சங்கு ஊதியது. யாரும் எழவில்லை. இசக்கியம்மாள் அடுப்பைத் தணித்தாள். உள்ளே ஒவ்வொரு மெஷினாக நின்றது. சங்கு மறுபடியும், கொஞ்சம் தயங்கி, ஊதியது.

“சொல்லிரவாம்மா?” என்று ஜெயசிங் சார் மெதுவாகக் கேட்டார். “வர நேரமாகும்னு?”

“சொல்லுங்க சார்.”

அவர் எழுந்து மில்லைப் பார்த்து நடந்தார். நான் மகளை மறுபக்கம் மாற்றிக்கொண்டேன்.