காலிக் குழியில் கறுப்புப் பட்டை

புரதங்களைப் பிரிக்கும் ஜெல் தகட்டின் ஏழாவது குழியில் கேரட் சாற்றை விட மறந்துவிட்டான் ஷாவோ கேமிங். சாற்றைக் கலக்கும் வெறும் கரைசல்தான் போயிருந்தது. மதியம் நெருங்கினால், கேன்டீனில் பன்றிக்கறி தீர்ந்துவிடுமே என்ற கவலையில் அவன் கைக்கும் மூளைக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

பிரிந்த புரதங்களின் மேல் அவன் ஊற்றுவது, மனிதத் தோலில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி. கேரட் புரதத்திலும் ஒட்டினால் கறுப்புப் பட்டை விழும். செடியின் செல்லுக்குள்ளும் அதே மாதிரி இழைகள் உண்டென்று அர்த்தம். பேராசிரியர் கெங்கின் கட்டுரை அதைத்தான் சொன்னது. திங்கட்கிழமை தபாலில் போகிறது. ஷாவோவின் பட்டமும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

ஆறு குழிகளுக்கும் பட்டை விழுந்தது. கேரட்டே இல்லாத ஏழாவதற்கும் விழுந்தது.

அப்படியானால் ஒட்டியது செடியில் அல்ல, மனிதத் தோல் துகளில். ஷாவோ கையை எரிய எரியத் தேய்த்துக் கழுவினான். கண்ணாடித் தட்டுகளைக் கழுவினான். இந்த முறை வேண்டுமென்றே ஒரு குழியைக் காலியாக விட்டான். பட்டை முன்னைவிடக் கறுப்பாக வந்தது. ஜன்னலுக்கு வெளியே பெய்ஜிங்கின் நிலக்கரிப் புகை அசையாமல் நின்றது.

ஆய்வகத்தில் அவனுக்கு மூத்தவளான லுவானிடம் போனான். கட்டுரைக்கான படங்களை எடுத்தவள் அவள்.

"அக்கா, காலிக் குழியிலயும் வருது."

"உன் தலைப்பொடுகா இருக்கும். தொப்பி போட்டுக்கோடா."

"போட்டேன். கையுறையும் போட்டேன்."

"துவைச்சு ஹீட்டர்ல காயப்போட்டிருக்கோமே, அதையா?"

"புதுசு. கெங் ஐயா பீரோலேர்ந்து எடுத்தேன்."

"திருட்டுப் பயலே!" லுவான் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "ஐயாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஜன்னலப் பாத்துக்கிட்டே, 'இன்னைக்கு கேன்டீன்ல என்ன'ன்னு கேட்டார்."

"சரி, போய்ச் சாப்பிடு."

"கரைசல் பாட்டில்ல நம்ம எல்லார் கையும் பட்டிருக்கு அக்கா. அதுக்குள்ளயே நம்ம தோல் கெடக்குன்னா..."

"நீ ரொம்ப யோசிக்கிற. எளைச்சுப் போயிடுவ."

"உங்க படத்துல காலிக் குழியே இல்லையே அக்கா. வைக்கலையா?"

லுவான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். திரும்பியபோது அவள் முகத்தில் கேலி இல்லை.

"வச்சேன் தம்பி. அதுலயும் பட்டை வந்துச்சு. ஐயா கத்தரிக்கச் சொன்னார், நான் கத்தரிச்சேன்."