முன்னாடி போட்ட டயர்

பாலக்கரையில் அற்புதம் டயர்ஸ் எங்கே இருக்கிறது என்று யாரும் வழி கேட்க வேண்டியதில்லை. கடை வாசலில் மாடி உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் நிற்கிறது. நடுவில் ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். ஒரு பக்கம் கடைக்காரர் சவரிராயன் வெள்ளைச் சட்டையில் சிரிக்கிறார். இன்னொரு பக்கம் அவருடைய மாப்பிள்ளை பிரவீன்ராஜ் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறான். காரின் முன்சக்கரம் இரண்டையும் வேண்டுமென்றே ஒடித்துத் திருப்பி வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். டயரில் வெள்ளை எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பேர் ரோட்டில் போகிறவன் கண்ணில் பட வேண்டாமா? அந்தக் கம்பெனிக்கு இந்த வட்டாரத்தில் ஏஜென்சி எடுத்திருப்பவர் சவரிராயன்தான்.

அந்த ஃப்ளெக்ஸின் நிழலில், கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில், அவருடைய ஒரே மகள் லிசி ஐந்து மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். புருஷன் வீடு திருவெறும்பூரில் இருக்க, அவள் அப்பா வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று அவள் அம்மா அற்புதம்மாள் தெருவில் சொல்லி வைத்திருந்தாள். ஐந்தாம் மாதமே யார் வருவார்கள் என்று தெருவும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, நமக்கென்ன என்று விட்டுவிட்டது.

உண்மை என்னவென்றால், பிரவீன்ராஜோடு இனிமேல் எப்படி இருப்பது என்று லிசிக்குத் தெரியவில்லை. வண்டியில் அவன் பக்கத்தில் உட்காரவே பயப்படுகிறவள், வாழ்க்கையில் எப்படி உட்காருவாள்?

அந்தக் கார் அவனுடைய பலநாள் ஆசை. குவைத்தில் வெயிலில் வெந்து சம்பாதித்து, ஊருக்கு வந்து திருவெறும்பூரில் ஒரு வெல்டிங் பட்டறை போட்டு, அது நிலைத்த பிறகு கொச்சியில் யாரோ வைத்திருந்த பழைய காரை வாங்கி வந்தான். இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாகப் போகும். இதில் ஏறுவதும் பாயில் படுப்பதும் ஒன்றுதான் என்று அற்புதம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆனால் சவரிராயனுக்கு மாப்பிள்ளையைவிட மாப்பிள்ளையின் காரைத்தான் அதிகம் பிடித்துப்போயிற்று. டயர் நாலும் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி, பழசு. "என் மாப்பிள்ளை வண்டியில அடுத்தவன் டயரா?" என்று கேட்டார்.

அந்த சைஸில் அவரிடம் இரண்டுதான் வந்திருந்தது. மற்ற இரண்டும் அடுத்த லோடில் வரும் என்றார்.

"நாலும் வந்ததும் ஒண்ணா மாத்திக்கலாமே மாமா" என்று பிரவீன்ராஜ் இழுத்தான். லிசிதான் அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அப்பா ஆசையாகக் கொடுக்கிறார், இவன் என்ன இப்படி மூஞ்சியில் அடித்தமாதிரி பேசுகிறான் என்று அவளுக்குச் சங்கடமாக இருந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான். சவரிராயன் தன் கையாலேயே இரண்டையும் முன்பக்கம் மாட்டினார். ஃபாதரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளிக்க வைத்தார். படம் எடுத்தார், ஃப்ளெக்ஸ் அடித்தார். அடுத்த லோடும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அந்த சைஸ் மட்டும் வரவேயில்லை.

ஐப்பசி மழை பிடித்த நேரம். ஸ்ரீரங்கத்தில் லிசியின் தோழி சுபஸ்ரீ வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாம்பழச்சாலையில் காவிரிப் பாலத்துக்குத் திரும்பும்போது காரின் பின்பக்கம் யாரோ காலைப் பிடித்து இழுத்தமாதிரி விலகியது. பிரவீன்ராஜ் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தான். ஒன்றும் எடுபடவில்லை. வண்டி அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி, நடுத்திட்டில் இடித்து, எதிரே வந்த டவுன் பஸ்ஸைப் பார்த்தபடி நின்றது. பஸ் டிரைவர் எப்படித்தான் பிரேக் போட்டாரோ, அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம். லிசி வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அலறினாள்.

குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் பார்க்க, சவரிராயன் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். "மழையில எப்படி ஓட்டணும்னு தெரியாதவனுக்கு எதுக்குய்யா இந்த மாதிரி வண்டி? புள்ளத்தாச்சியை வச்சுக்கிட்டு ரேஸா ஓட்டுறே?"

"மெதுவாத்தான் மாமா வந்தேன்" என்றான் பிரவீன்ராஜ். மெதுவாகத்தான் வந்தார்கள் என்று லிசிக்கும் தெரியும். ஆனாலும் அப்பா டயரிலேயே முடி நரைத்தவர். அவர் சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று நம்பினாள். அன்றைக்கே பையோடு பாலக்கரைக்கு வந்துவிட்டாள். மறுநாள் பிரவீன்ராஜ் பைக்கில் வந்து வாசலில் நின்றான். தூங்குவதாகச் சொல்லச் சொல்லி அம்மாவை அனுப்பினாள். அதற்குப் பிறகு அவன் போனில்தான் பேசினான், அதுவும் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதோடு சரி.

இப்போது கடைக்குள் துறையூர் மருந்துக்கடைக்காரர் கியாசுதீன் வந்திருந்தார். அவருடைய கார் ஜாக்கியில் நின்றது.

"ரெண்டு மட்டும் மாத்தினாப் போதுங்க. முன்னாடி போட்டுடுங்க. இஞ்சின் அங்கதானே இருக்கு" என்றார் அவர்.

"எல்லாரும் இப்படித்தான் பாய் சொல்றாங்க. அந்தத் தப்பை மட்டும் பண்ணாதீங்க" என்றார் சவரிராயன். "ரெண்டுதான் புதுசுன்னா அது பின்னாடிதான் போகணும். அதுவும் நீங்க போட்டிருக்கிறது வேற கம்பெனி. முன்னாடி நல்ல டயரும் பின்னாடி தேஞ்ச டயருமா இருந்தா, மழையில திருப்பும்போது முன்பக்கம் ரோட்டைப் பிடிச்சுக்கும், பின்பக்கம் பிடிக்காது. வண்டி சுத்திடும். எப்பேர்ப்பட்ட டிரைவரா இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. புள்ளை குட்டியோட போறவரு நீங்க."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு தடங்கலும் இல்லை. தினம் பத்து பேரிடம் சொல்லிச் சொல்லி மனப்பாடமான பேச்சு. கியாசுதீனும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

லிசி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எதிரே ஃப்ளெக்ஸின் பின்பக்கம் வெயிலில் மங்கலாகத் தெரிந்தது. படத்தில் கம்பெனிப் பேர் எந்தச் சக்கரத்தில் இருந்ததென்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும்.

"அப்பா, பாய்கிட்ட சொன்னீங்களே, அது எங்க வண்டிக்குக் கிடையாதா?"

சவரிராயன் கையிலிருந்த காற்று மீட்டரைக் கல்லா மேல் வைத்தார். திரும்ப எடுத்தார். பொய் சொல்லப் போகிறார் என்று லிசி நினைத்தாள். அவர் சொல்லவில்லை.

"தெரியும் பாப்பா."

"தெரிஞ்சேதான் முன்னாடி போட்டீங்களா?"

"பின்னாடி போட்டா பேரு தெரியாதே. சர்ச்சுக்கும் வீட்டுக்கும் போற வண்டிதானேன்னு நினைச்சேன். மீதி ரெண்டும் வந்துட்டா சரியாப் போயிடும்னு நினைச்சேன்."

"ஆஸ்பத்திரியில அவரை அத்தனை பேச்சு பேசினீங்களே. அப்பவும் தெரியுமா?"

அவர் வாசலைப் பார்த்தார். "உன்னைக் கட்டில்ல பார்த்ததும் உசுரே போயிடுச்சு. வாயில வந்ததைப் பேசிட்டேன். பேசினப்புறம் எப்படிம்மா திருப்பி வாங்கிக்கிறது? நீ வேற பையைத் தூக்கிட்டு வந்துட்டே. அம்மாகிட்ட சொல்லிடாதே."

அம்மாவிடம் சொல்லக்கூடாதாம். லிசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரார் பிள்ளைக்கெல்லாம் புத்தி சொல்கிற மனுஷர், தன் பேரப்பிள்ளையை ஒரு விளம்பரத்துக்குப் பணயம் வைத்திருக்கிறார். வைத்ததோடு நிற்காமல் பழியை அடுத்தவன் தலையில் கட்டியிருக்கிறார். அப்பா என்றும் பார்க்காமல் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று பயந்து, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

திருவெறும்பூர் வழியாகப் போகும் துவாக்குடி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். உங்கள் மேல் தப்பில்லை என்று முதலில் சொல்ல வேண்டும். அப்பாவைக் கூட்டிவந்து மன்னிப்புக் கேட்க வைக்கிறேன் என்று அடுத்தது. பாவம், ஒன்றும் தெரியாமல் இத்தனை நாளாகத் தன்னையே நொந்துகொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். கூடவே, தான் கொண்டுபோகிற செய்தியில் அவன் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஒரு சின்ன ஆவலும் இருந்தது. அதை மறைப்பானேன்.

பட்டறை ஷெட்டில் மஞ்சள் கார் மரக்கட்டைகள் மேல் நின்றது. நாலு சக்கரமும் இல்லை. பழைய டயர் இரண்டும் வாசலில் கிடந்தன. அப்பா கொடுத்த இரண்டும் மூலையில், கழுவித் துடைத்து, சாக்குப் போட்டு மூடியிருந்தன. சாக்கு விலகிய இடத்தில் வெள்ளை எழுத்து தெரிந்தது.

பிரவீன்ராஜ் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினான். "நீ ஏன் பஸ்ல வந்தே? போன் பண்ணியிருந்தா வந்திருப்பேனே" என்று ஸ்டூலைத் தட்டிப் போட்டான்.

லிசி உட்காரவில்லை. ஒத்திகை பார்த்ததில் பாதி மறந்துபோயிற்று. "உங்க மேல தப்பே இல்லீங்க. டயரை முன்னாடி போட்டதுதான் தப்பு. அப்பா வாயாலேயே சொன்னாரு" என்றாள்.

அவன் முகம் மாறவில்லை. "ம்" என்றான். "அலைன்மென்ட் பாக்குற ஜெயக்குமார் மறுநாள் காலையிலேயே சொல்லிட்டாரு. நாலும் ஒரே கம்பெனியா கிடைக்கிற வரைக்கும் எடுக்கக்கூடாதுன்னு கழட்டி வச்சிட்டேன்."

"மறுநாளேவா? அப்ப அப்பாகிட்ட கேட்டிருக்கலாமே."

"மாமா ஊரே பாக்க போட்டோ வச்சிருக்காரு. ஆசையாக் குடுத்தவரு. போய் என்னன்னு கேக்குறது?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. இத்தனை நாளு நான் உங்களை என்னவோ நினைச்சுக்கிட்டு இருந்தேனே." அவள் குரல் ஏறியது. அவன்மேல் கோபப்பட ஒரு காரணம் கிடைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

பிரவீன்ராஜ் கழிவுப் பஞ்சை எடுத்து விரல் விரலாகத் துடைத்தான்.

"சொல்லத்தான் அன்னிக்குக் கிளம்பி வந்தேன். நீ தூங்குறேன்னு அத்தை சொன்னாங்க."

லிசி ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெளியே துவாக்குடிப் பக்கமிருந்து ஒரு லாரி இரும்புக் கம்பிகள் குலுங்கக் குலுங்கப் போயிற்று. அது போய் முடிகிறவரை காத்திருந்தாள்.

"தூங்கலீங்க" என்றாள். "மாடி ஜன்னல்ல நின்னு உங்களைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"தெரியும்" என்றான் அவன். "திரை ஆடுச்சு."