வேலியோடு போன ஒயர்

ஆட்டுக் கொட்டகை வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்கூட இல்லை. இரண்டு ஆடுகள் களவு போன பிறகு அதன் வாசலில் கம்பம் நட்டு ஒரு கேமரா மாட்டினார் அவர். அதற்குக் கரண்டு வேண்டுமே. சோலார் பலகையும் பேட்டரியும் வைத்துவிடலாம் என்று மனைவியின் தம்பி சொன்னான்.

"வெயில் காட்டி வளர்க்க அது என்ன செடியா, மாப்பிள்ளை?" என்று சிரித்துவிட்டு, மெயின் கரண்டு போனாலும் பேட்டரியில் ஓடுகிற வீட்டு இன்வெர்ட்டரிலிருந்தே ஒயர் இழுத்து வேலியோடு கட்டிக்கொண்டு போனார். நீளம் போதாத இடங்களில் ஒட்டுப்போட்டு டேப் சுற்றினார்.

அன்று மதியம் வரை காற்றும் மழையும் பிய்த்து எடுத்தன. மழை விட்டதும் அவர் செருப்பை மாட்டினார்.

"ஆடெல்லாம் என்ன ஆச்சோ, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

அவர் போன கொஞ்ச நேரத்தில் மனைவி போனில் கேமராவைத் திறந்தாள். கொட்டகை வாசலில் குளம்போலத் தண்ணீர். நடுவில் ஓர் ஆடு கால்களை விறைத்துக்கொண்டு கிடந்தது. பக்கத்தில், வேலியிலிருந்து அறுபடாமல் தொங்கி வந்த ஒயரின் ஒட்டு, டேப் பிரிந்து தண்ணீருக்குள் கிடந்தது.

படம் தெரிகிறது என்றால் ஒயரில் கரண்டு ஓடுகிறது.

படத்தின் ஓரத்தில் அவர் வந்தார். ஆட்டைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டினார். அவரைப் போனில் கூப்பிட்டாள். அடுத்த அறையில் மணி அடித்தது.

ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்தாள். துருப்பிடித்த பிடி. இரண்டு கையாலும் தொங்கியதும் கீழே இறங்கியது. போனைப் பார்த்தாள். படம் அப்படியே இருந்தது. அவர் தண்ணீருக்குப் பக்கத்தில். தலைக்குமேல் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஐயோ, இன்வெர்ட்டர்!"

அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, பொத்தானை அமுக்கினாள். விசிறி மெல்ல நின்றது. கடைசியாக நின்றுபோன படத்தில் அவர் காலைத் தூக்கியிருந்தார். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை.

செருப்பில்லாமல் ஓடினாள். சேற்றில் விழுந்து எழுந்தாள். வேலி முடிகிற வரைக்கும் கொட்டகை வாசல் கண்ணுக்குத் தெரியவில்லை. பெயர் சொல்லிப் பழக்கமில்லாதவள், "என்னங்க! என்னங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

கணுக்கால் தண்ணீரில் நின்று, செத்த ஆட்டை மார்போடு தூக்கிக்கொண்டிருந்தார் அவர்.

"எதுக்கு இப்படி ஊரையே கூட்டற? பாவம், குளிர்ல விறைச்சுப் போச்சு போல."

அவள் கையை நீட்டி அவர் காலடியைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். செம்புக் கம்பி பளிச்சென்று தெரிந்தது.

"நீ... ஆஃப் பண்ணிட்டியா?"

தலையாட்டினாள்.

ஆட்டோடு கரையேறி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அவர் ஆட்டைத் தரையில் இறக்கி வைத்தார்.

"மாப்பிள்ளைய நாளைக்கு வரச் சொல்லு. அவன் சொன்னபடியே வெச்சிடலாம்."

"நாளைக்கு என்ன நாளைக்கு? மொதல்ல இந்த ஒயரச் சுருட்டுங்க."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.