ஓடாத மீட்டர்

ஷெட்டின் சாவியை ஷபீர் கையில் கொடுத்த அன்றே தர்மராஜ் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். வண்டிகளைத் துடைக்கலாம். டயருக்குக் காற்றுப் பிடிக்கலாம். மாதம் ஒருமுறை நின்ற இடத்திலேயே என்ஜினை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் விடலாம். ஆனால் நான்கில் எந்த வண்டியும் ஷெட் கதவைத் தாண்டி வெளியே வரக் கூடாது.

ஷெட் திருவிடந்தையில் இருந்தது, ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கமாகப் பிரியும் மண் பாதையின் முடிவில். உப்புக் காற்று புகுந்துவிடும் என்று அதற்கு ஜன்னலே வைக்கவில்லை. இரண்டு ஏசிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே நின்ற நான்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள். இரண்டே பேர் உட்காரலாம். எல்லாமே தர்மராஜ் பிறப்பதற்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கியவை.

தர்மராஜுக்குச் சொந்த ஊர் கருங்குழி. லாரி டிரைவராக ஆரம்பித்து, இப்போது முப்பது லாரிக்கு முதலாளி. ஜி.எஸ்.டி. சாலையோரம் அவர் வாங்கிய மனைகளைவிட இந்த மாதிரிக் கார்களுக்குத்தான் விலை வேகமாக ஏறுகிறது என்று யாரோ சொல்ல, வாங்க ஆரம்பித்தார். சேர்ந்த முதல் மாதமே ஷபீர் அவரிடம் பேசிப் பார்த்தான். வாரம் ஒருமுறையாவது ஓடாவிட்டால் எந்த வண்டியும் உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போகும் என்றான்.

“வாங்கிப் போட்ட மனையில தெனமும் போயி ஏர் ஓட்டிகினா கீறோம்?” என்றார் தர்மராஜ். “சும்மா வுடு பாய். அது பாட்டுக்கு ஏறும்.”

ஷபீருக்கு நாற்பத்தியொரு வயது. வீடு கோவளத்தில். சென்னையில் ஒரு ஒர்க் ஷாப்பில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன். அதை மூடியதும் இந்த வேலைக்கு வந்தான். சம்பளம் நல்ல சம்பளம்தான். ஆனால் ஓடாத வண்டிகளோடு நாள் முழுக்க இருப்பது அவனுக்குப் பழகவே இல்லை. மதியம் ஷெட்டில் தனியாகச் சாப்பிடும்போது, உடம்பு சரியில்லாத நான்கு பேர் சுற்றி நின்று தன்னைப் பார்ப்பது மாதிரி இருக்கிறது என்று மனைவி ஷஹர்பானுவிடம் ஒருநாள் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. வேறு வேலை தேடு என்றாள்.

இரண்டாம் வருஷம் பச்சை நிற வண்டியின் கிளட்ச் இறுகிக்கொண்டது. நின்றே கிடந்ததால் வந்த கோளாறு. இரண்டு நாள் போராடி விடுவித்தான். சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டுமானால் ஓட்டித்தான் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை அதிகாலை ஃபஜ்ரு தொழுகை முடிந்து நேராக ஷெட்டுக்கு வந்தான். தூரம் ஏறாமலிருக்க மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்தான். மண் பாதை முடியும் வரை போய்த் திரும்பிவிடுவது என்றுதான் நினைத்திருந்தான். சாலை காலியாக இருந்தது. மாமல்லபுரம் வரை போய்விட்டான்.

திரும்பி வந்து கேபிளை மாட்டினான். ரொம்ப நாளுக்குப் பிறகு தன் கைக்கு வேலை கிடைத்த மாதிரி இருந்தது. வளைவில் அந்த வண்டி திரும்பிய விதத்தையும், கால் வைத்த உடனே சத்தம் கனத்து முதுகைத் தள்ளியதையும் வேலை செய்யும்போதெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமையும் எடுத்தான். அதற்கடுத்ததும் எடுத்தான். அதன் பிரேக் ரப்பர்களைத் தன் சம்பளத்தில் வாங்கி மாற்றினான். ஒருமுறை ஷஹர்பானுவையும் கூட்டிப் போனான். முக்காட்டை இறுக்கிப் பிடித்தபடி வந்தவள், இறங்கும்போது சொன்னாள்:

“நல்லாத்தான் கீது. ஆனா நம்முளுது இல்லியே.”

அவனுக்கு உள்ளூரப் பயம் இருந்தது. சாலையில் யாராவது போட்டோ எடுத்துப் போட்டுவிட்டால் என்ன செய்வது? அப்படி ஏதும் நடக்கவில்லை. ஆபத்து அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை.

ஷெட்டின் கடைசியில் நின்றது சிவப்பு வண்டி. இத்தாலியில் செய்தது. நான்கில் அதுதான் விலை அதிகம். மும்பையிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் அதைப் படுத்துக்கொண்டும் குனிந்தும் ஒரு பகல் முழுக்கப் பார்த்துவிட்டு, கம்பெனியிலிருந்து வந்ததற்குப் பிறகு யார் கையும் படாத வண்டி என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். பிரேக் குழாய்கூடக் கம்பெனியில் மாட்டியதுதான். அந்த ஒரு காகிதத்தால் அதன் விலை ஒன்றேகால் கோடிக்குப் போனது.

அவர் போன மறுவாரம், அதன் பின் சக்கரத்தின் அடியில் ஒரு ஈரத்தை ஷபீர் பார்த்தான். ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு இருந்தது. தொட்டு முகர்ந்தான். பிரேக் ஆயில். உள்ளே ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டது என்று புரிந்தது. தர்மராஜைக் கூப்பிட்டுக் காட்டினான். ரப்பரை மாற்ற ஒரு நாள் போதும், செலவும் பெரிதில்லை என்றான். தர்மராஜ் குனிந்து பார்த்தார். ரப்பரை மாற்றினால் அது கை பட்ட வண்டி ஆகிவிடாதா என்று கேட்டார். ஷபீர் ஆமாம் என்றான்.

“அப்ப தொடச்சி வுடு” என்றார் தர்மராஜ்.

அன்றிலிருந்து ஷபீர் தினமும் காலையில் அந்த ஈரத்தைத் துடைத்தான். மழைக்காலம் முடியும்போது அது உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தது. சில நாள் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்ப்பான். முதலில் கெட்டியாக நிற்கும். காலை எடுக்காமல் வைத்திருந்தால், ஈர மணலில் பாதம் புதைவது போல மெல்ல மெல்லக் கீழே இறங்கும். யாரும் ஓட்டப் போவதில்லையே என்று தன்னைத் தேற்றிக்கொள்வான்.

பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு தர்மராஜ் மனைவி ஜெயப்பிரியாவோடு வந்து இறங்கினார். அன்று அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்தாம் வருஷம். இத்தனை வருஷத்தில் இந்தக் கார்களில் ஒருமுறைகூடத் தன்னை உட்கார வைத்ததில்லை என்று முந்தின நாள் அவள் சொல்லியிருக்கிறாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். அதுதான் தர்மராஜைத் தைத்துவிட்டது. மாமல்லபுரம் போய் நாஸ்தா சாப்பிட்டுத் திரும்பி வந்துவிடலாம், சிவப்பு வண்டியை வெளியே எடு என்றார். பட்டுப்புடவையில் வந்திருந்த ஜெயப்பிரியா அதற்குள் அதன் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். தர்மராஜின் முகத்தில் ஷபீர் அதுவரை பார்க்காத ஒரு சந்தோஷம் இருந்தது.

பிரேக் சரியில்லை, இது வேண்டாம் என்றான் ஷபீர். தர்மராஜ் உட்கார்ந்து பெடலை மிதித்தார். கெட்டியாக நின்றது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவனுக்குப் பிரேக் தெரியாதா என்று சிரித்தார். பச்சையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஷபீர் கெஞ்சினான்.

“ஏன்? அதுவும் இது மாதிரிதானே நின்னுகினு கீது?”

ஷபீர் அந்தக் கேள்விக்குத்தான் பயந்தான். ஒரு பொய் சொல்லி முடித்துவிடலாம். டயர் பஞ்சர், பேட்டரி இல்லை என்று எதையாவது சொல்லலாம். ஆனால் வண்டியிலிருந்து ஜெயப்பிரியா திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது நிக்கலண்ணே. நான் ஓட்டிகினு இருந்தேன். ரெண்டரை வருசமா, வாராவாரம். மீட்டர் கேபிள கழட்டிட்டு. அதனாலதான் சொல்றேன், பிரேக் போட்டா அது நல்லா நிக்கும். இது நிக்காது.”

தர்மராஜ் கத்தவில்லை. மொத்தம் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று கேட்டார். ஐந்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் என்றான். அந்த மீட்டரைக் காட்டி இரண்டு பேரிடம் தான் விலை பேசியிருப்பதாகவும், ஊர் முழுக்கத் தன்னைப் பொய்யனாக்கிவிட்டதாகவும் தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு சாவியைத் திருகினார்.

“ரெண்டரை வருசம் பொய் சொன்னவன், இன்னிக்கு பிரேக்கு பத்தி சொல்றது மட்டும் நெசமா?”

சிவப்பு வண்டி வெளியே போனது. மண் பாதை முடிவில் அது நின்று, ஈ.சி.ஆரில் திரும்புவதை ஷபீர் பார்த்தான். நின்றதைப் பார்த்து ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அடுத்த கணமே, ஒவ்வொரு மிதிக்கும் இருக்கிற கொஞ்சம் ஆயிலும் வெளியே போகுமே என்ற நினைப்பு வந்தது. பச்சை வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். இந்த முறை கேபிளைக் கழற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் சாலையில் கூட்டம் இருந்தது. சென்னையிலிருந்து பைக்கில் வருகிறவர்கள் சிவப்பு வண்டியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு போனார்கள். ஜெயப்பிரியா தலையில் வைத்திருந்த மல்லிகைப்பூ காற்றில் பிய்ந்து பறந்தது. ஷபீர் நூறு அடி பின்னால் தொடர்ந்தான். அவன் கண் சிவப்பு வண்டியின் பின்விளக்கிலேயே இருந்தது. இரண்டு முறை எரிந்தது, வண்டி மட்டுப்பட்டது. மூன்றாவது முறை, மட்டுப்பட நேரம் பிடித்தது.

வடநெம்மேலிக்கு முன்னால் போலீஸ் தடுப்பு போட்டிருந்தது. அதை ஒட்டி ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. சிவப்பு வண்டியின் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. வேகம் குறையவே இல்லை. தர்மராஜின் தோள் ஒருமுறை பின்னால் போவது தெரிந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுக்கிறார். அதன் கம்பி எப்போதோ துருப்பிடித்துவிட்டது என்பது ஷபீருக்குத் தெரியும். கியரைக் குறைத்தார் போலிருக்கிறது. என்ஜின் அலறியது, வண்டி கொஞ்சம் தயங்கியது. அது போதாது. ஹாரன் விடாமல் ஒலித்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் திரும்பிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

ஷபீர் யோசித்து முடிவெடுக்கவில்லை. வலதுபுறம் ஏறி, சிவப்பு வண்டியைத் தாண்டி, அதற்கு நேர் முன்னால் வந்து வேகத்தைக் குறைத்தான். பின்னாலிருந்து இடி விழுந்தது. கழுத்து வெடுக்கென்று பின்னால் போனது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தான். விட்டுவிட்டு அல்ல, ஒரே சீராக. பச்சை வண்டியின் பின்பக்கம் நசுங்கும் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. நான்கு சக்கரமும் தரையைப் பிடித்தன. இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு ஒரு ஆள் நீளத் தூரத்தில் நின்றன.

ஜெயப்பிரியாவின் மணிக்கட்டு முறிந்திருந்தது. தர்மராஜின் நெற்றியில் ரத்தம். அவர் இறங்கி முதலில் மனைவியிடம் போனார், பிறகு சிவப்பு வண்டியின் முன்னால் வந்து நின்றார். ஒரு விளக்கு உடைந்து, பம்பர் வளைந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே அவர் நின்றதை ஜெயப்பிரியா உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தாள்.

“என்னய ஆஸ்பத்திரிக்கு பாய் இட்டுனு போவட்டும்” என்றாள். “நீங்க அதப் பாத்துகினு இருங்க.”

கேளம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும் வழியில் அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிரேக் ஆயில் ஒழுகுகிறது என்று அவருக்குத் தெரியுமா என்றாள். தெரியும் என்று ஷபீர் சொன்னான்.

மறுநாள் தர்மராஜிடம் லாரி ஓட்டும் மணி, கோவளத்துக்கு வந்து சாவியை வாங்கிக்கொண்டு, அந்த மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். கேஸ் ஏதும் இல்லை. ஷபீர் கேளம்பாக்கத்தில் ஒரு ஒர்க் ஷாப்பில் சேர்ந்தான். சாதாரண வண்டிகள், காலையில் வந்து மாலையில் போகிறவை. ராத்திரி தூக்கம் வந்தது. கழுத்து வலி மட்டும் போகவில்லை.

ஜூன் மாதம் மணி அந்த ஒர்க் ஷாப்புக்கு வந்தான். பேச்சுவாக்கில், சிவப்பு வண்டி விற்றுப்போய்விட்டது என்றான். விளக்கையும் பம்பரையும் சென்னையில் யாருக்கும் தெரியாமல் சரி செய்துவிட்டார்களாம். பெங்களூரில் ஒருவர் வாங்கினாராம். கன்டெய்னரில் ஏற்றிப் போய் இறக்கியது மணிதான். பிரேக்கை மாற்றினார்களா என்று ஷபீர் கேட்டான். அதைத் தொடவே இல்லை, அந்தப் பழைய சான்றிதழோடுதான் போயிருக்கிறது என்றான் மணி. இறக்கும்போது அந்த வீட்டில் பதினெட்டு, இருபது வயதில் ஒரு பெண் ஓடி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டாளாம்.

ஷபீர் மணியிடமிருந்து அந்த பெங்களூர்க்காரரின் போன் நம்பரை வாங்கினான். அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் கூப்பிட்டான். எடுத்தவர் அமைதியான குரலில், நல்ல தமிழில் பேசினார். ஷபீர் தான் யார் என்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். பின் சக்கரத்து ஈரம், துருப்பிடித்த ஹேண்ட் பிரேக், வடநெம்மேலியில் நடந்தது, மாற்றிய விளக்கு. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“ரொம்ப நன்றி” என்றார். “இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?”

இல்லை என்றான் ஷபீர்.

“நல்லது. சொல்ல வேண்டாம். அடுத்த வருஷம் இதை நான் வித்துடுவேன்.”

லைன் துண்டிக்கப்பட்டது. ஷபீர் மறுபடி கூப்பிட்டான். ரிங் போனது, யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அந்த நம்பருக்கு அழைப்பே போகவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்த அந்தப் பெண்ணின் பேரைக் கேட்டிருக்க வேண்டும், அவளிடமாவது சொல்லியிருக்கலாம் என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது.