வெலித் புதைத்த தம்பி

அம்மாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்று வெலித் எவ்வளவோ பாடுபட்டான். "ஒரு கையெழுத்துதாம்மா, நானே போட்டுட்டு வந்துடறேன். இந்த முட்டியை வச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு அலைச்சல்?" என்று காலையிலிருந்து மூன்று தரம் சொல்லிவிட்டான். அம்மா பெஹியா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. குளித்து, வெள்ளை முக்காடு போட்டு, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"பெத்தவ நான் உசுரோட இருக்கேன். எம் புள்ளை எலும்புக்கு நீ கையெழுத்துப் போடுவியா? பெரிய எழுத்தாளர்னா எல்லாத்தையும் நீயேதான் எழுதணுமா?" என்றாள்.

பிள்ளையை வம்புக்கு இழுக்கிற அளவுக்கு அவள் அன்று தெம்பாக இருந்தாள். இருக்காதா பின்னே? இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு சின்னவன் ஜெமால், எலும்பாகவாவது, கிடைத்திருக்கிறான். எங்கள் பக்கத்தில் ஒரு தாய்க்கு அந்தத் தொலைபேசி அழைப்பு வந்துவிட்டால் மற்ற தாய்மார்கள் அவளைப் பொறாமையோடுதான் பார்ப்பார்கள். கொடுமைதான், என்ன செய்வது? எங்கள் ஊரில் அதிர்ஷ்டம் என்பதே அவ்வளவுதான்.

வெலித்துக்கு மட்டும் அது அதிர்ஷ்டமாகப் படவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்து விளையாட இது ஒன்றும் துப்பறியும் கதை இல்லை. சண்டையில் ஊர் எதிரிப் படையிடம் விழுந்த அந்த ஜூலையில் ஆண்கள் எல்லோரும் காட்டு வழியாகத் தப்பி ஓடினார்கள். வெலித்துக்கு இருபத்திரண்டு வயது, ஜெமாலுக்குப் பதினேழு. மூன்றாம் நாள் ஜெமாலின் முழங்காலில் ஷெல் துண்டு பாய்ந்து, அவனால் எட்டு எடுத்து வைக்க முடியாமல் போனது. மலை மேல் மூன்று தண்டாகப் பிரிந்த பீச் என்கிற ஒரு காட்டு மரத்தடியில் தம்பியை உட்காரவைத்துவிட்டு, "தண்ணி கொண்டு வரேன்" என்று சொல்லிப் போனான் வெலித். திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

ஆறு நாள் கழித்து அகதி முகாமின் வாசலில் அம்மா ஓடிவந்து அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "தம்பி எங்கடா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எவனால் உண்மையைச் சொல்ல முடியும்? "ரெண்டு நாள் முதுகுல சுமந்தேம்மா. என் மடியிலதான் போனான். என் கையாலேயே புதைச்சேன்" என்றான். அந்த நிமிஷத்தில் அது பொய்யாகத் தோன்றவில்லை, அடிபட்ட உடம்பின் மேல் போர்த்துகிற துணியாகத்தான் தோன்றியது. அதோடு விட்டிருந்தால் பாதகமில்லை. இவனோ அதை நாவலாக எழுதினான். நாவலுக்குப் பரிசு கிடைத்தது, ஏழு மொழியில் போனது, போன வருஷம் சினிமாவாகவும் வந்துவிட்டது. படத்தில் அண்ணன் தம்பியைச் சுமந்து நடக்கும் காட்சி மட்டும் பதினோரு நிமிஷம் ஓடுகிறது, தியேட்டரில் ஒருத்தர் கண்ணும் காய்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த மலை முழுக்கக் கண்ணிவெடி. அதனால் இத்தனை வருஷம் யாரும் போய்த் தோண்டவில்லை. அதுதான் அவனைக் காப்பாற்றி வைத்திருந்தது.

அடையாளம் காணும் அலுவலகத்தில் யஸ்னா என்ற டாக்டரம்மா அவர்களை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, கோப்பைத் திறந்தாள். மெல்லப் பேசுகிற பெண். தினமும் இதையே பேசிப் பேசிக் குரல் அப்படி ஆகிவிட்டது.

"அம்மா, நீங்க கொடுத்த ரத்தத்தோட பொருந்திடுச்சு. சந்தேகமே இல்லை. இடது கால் கீழ்ப்பகுதி மட்டும் இன்னும் கிடைக்கலை. இப்பவே அடக்கம் பண்றதா, மிச்சமும் கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கிறதான்னு நீங்கதான் சொல்லணும்."

"எங்க கிடைச்சான்? மலை மேல, அந்த மரத்தடியிலதானே?"

யஸ்னா வெலித்தை ஒரு பார்வை பார்த்தாள். அவளும் புத்தகம் படித்தவள்தான். "இல்லம்மா. செங்கல் சூளைக்குப் பின்னாடி பெரிய குழி. முப்பது கிலோமீட்டர் தள்ளி."

"குழியை மாத்தியிருப்பாங்க," என்று வெலித் அவசரமாகக் குறுக்கே விழுந்தான். "தடயத்தை மறைக்க மண்வாரி வண்டி வச்சு ஒரு குழியிலேர்ந்து இன்னொரு குழிக்கு அள்ளிப் போட்டாங்களே, அந்த மாதிரி..."

"அப்படியும் நடந்திருக்கு," என்றாள் யஸ்னா. பிறகு வேறு வழியில்லாமல் சொன்னாள்: "ஆனா மணிக்கட்டுல கம்பி இருந்துச்சு. ரெண்டு கையையும் சேர்த்துக் கட்டின கம்பி. உசுரோட பிடிச்சிருக்காங்கம்மா."

வெலித் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதோ கேட்கப்போகிறாள், இதோ எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். உள்ளுக்குள் ஒரு மூலையில், முடிந்து தொலையட்டும் என்றுகூட இருந்தது.

பெஹியா காப்பிக் கோப்பையை மேஜை மேல் வைத்தாள். பிறகு மகனின் முழங்கையைப் பிடித்தாள்.

"அப்ப நீ சுமந்தது யாரைடா?"

அவனுக்குப் புரியவில்லை.

"காட்டுல எல்லாருக்கும் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு சொன்னாங்களே. ஒருத்தன் மரத்தைப் பொண்டாட்டின்னு கட்டிப்பிடிச்சு அழுதானாமே. உனக்கும் அப்படித்தான் ஆகியிருக்கு. வேற யாரையோ தம்பின்னு நெனச்சுத் தூக்கிட்டுப் போயிருக்கே, என் ராசா. அங்க வேற ஒருத்தியோட புள்ளை கிடக்குறான். அவ இன்னும் தேடிக்கிட்டு இருப்பாடா!"

அப்போதே சொல்லியிருக்கலாம். யஸ்னா கூட அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெலித் வாயைத் திறந்தான், "இருக்கலாம்மா" என்றான். பாவி, அதைத்தான் சொன்னான்.

வெள்ளிக்கிழமைக்குள் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. பரப்பியவள் பெஹியாவேதான். தன் பிள்ளை கிடைத்துவிட்டான், இன்னொருத்திக்கும் கிடைக்கட்டும் என்ற நல்ல மனசு அவளுக்கு. இன்னும் பிள்ளை கிடைக்காத தாய்மார் பதினோரு பேர் ஒவ்வொருவராக அவள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் புகைப்படம், பள்ளிக்கூடச் சான்றிதழ், ஒருத்தி கையில் மகனின் சீப்பு. வெலித்தை நடுவில் உட்காரவைத்துக் கேட்டார்கள். உயரமா, குட்டையா? முன்பல் உடைஞ்சிருந்துச்சா? குரல் எப்படி இருந்துச்சு?

ஹய்ரா என்பவள்தான் அவனை அதிகம் உலுக்கினாள். பக்கத்துத் தெருக்காரி, சின்ன வயதில் அவனுக்குப் பேரிக்காய் பறித்துக் கொடுத்தவள்.

"நீலக் கலர் ஸ்வெட்டர் போட்டிருந்தானாடா? கழுத்துக்கிட்ட மரப் பொத்தான். நானே பின்னினது. ஜூலை வெயில்ல எதுக்குடா இதுன்னு திட்டினேன், கேக்காமப் போட்டுட்டுப் போனான்."

"இருட்டா இருந்துச்சு பெரியம்மா. நெனவில்லை."

"நெனவில்லைன்னுதானே சொல்றே? இல்லைன்னு சொல்லலையே!" என்று சொல்லி, அவள் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள். இருபத்தாறு வருஷத்தில் ஹய்ரா சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அன்று மாலை படத்தின் இயக்குநர் எமிருக்கு வெலித் தொலைபேசி போட்டு எல்லாவற்றையும் கொட்டினான். எமிர் முதலில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு மூச்சுவிடாமல் பேசினான்.

"வாயைத் தொறந்தே, தொலைஞ்சே! உன்னையோ என்னையோ பத்திக் கவலை இல்லைய்யா. ஆத்துக்கு அந்தப் பக்கம், எதிரி நாட்டுல இருக்கிற பத்திரிகைக்காரன் என்ன எழுதுவான் தெரியுமா? 'ஒருத்தன் கதை விட்டான், அப்ப எல்லாமே கதைதான்'னு எழுதுவான். இப்பவே கொலையே நடக்கலைங்கிறான். இத்தனை ஆயிரம் பேரை அடக்கம் பண்ணின ஜனாஸாவையும் நாவல்னு சொல்லிடுவான். அந்தப் பழி உன் தலையில விழட்டுமா?"

எமிர் சொன்னது நியாயம்தான். அதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அந்த நியாயம் தனக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது என்பதை நினைத்துத்தான் வெலித்துக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டான். வெட்கங்கெட்ட நிம்மதி ஒன்று இரண்டு நாள் அவனோடு இருந்தது.

மலையில் கண்ணிவெடி அகற்றி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பதினோரு தாய்மார் ஒன்றுசேர்ந்து போய் நின்றால் எந்த அலுவலகம் மறுக்கும்? பத்து நாளில் யஸ்னா மூன்று ஆட்களோடும் மண்வெட்டிகளோடும் வந்துவிட்டாள். பெண்களும் வேன் பிடித்து, பாதி வழி நடந்து, மேலே வந்தார்கள். மரம் அப்படியே இருந்தது, மூன்று தண்டும் இன்னும் பருத்து. அதைக் கண்டதும் வெலித்தின் கால் பின்னுக்கு இழுத்தது. இடத்தை மட்டும் அவன் புத்தகத்தில் உள்ளது உள்ளபடி எழுதியிருந்தான். பொய்க்கு நடுவில் அது ஒன்றுதான் நிஜம்.

தோண்டுகிறவர்களில் ஒருவன் கையில் அந்தப் புத்தகத்தை வைத்திருந்தான். "'கிழக்குப் பக்கம், வேர் ரெண்டாப் பிரியிற இடத்துல'ன்னு போட்டிருக்கீங்க. சரிதானே சார்? ஆழம் எவ்வளவுன்னு போடலையே?" என்று மரியாதையாகக் கேட்டான். நையாண்டி இல்லை, நிஜமாகவே கேட்டான். வெலித் தலையை ஆட்டினான்.

பெண்கள் தார்ப்பாயை விரித்து உட்கார்ந்தார்கள். பெஹியா எல்லோருக்கும் பிட்டா ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்தாள். யாரும் தொடவில்லை. முதல் குழியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் கல். ஹய்ரா எழுந்து எழுந்து போய், "கொஞ்சம் இடப்பக்கமாப் பாருப்பா, மழையில மண்ணு சரிஞ்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

உச்சி வேளையில் நாலாவது குழியில் மண்வெட்டி எதிலோ தட்டியது. பெண்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். யஸ்னா குனிந்து தூரிகையால் மண்ணைத் தள்ளி, நீளமான ஒரு எலும்பை எடுத்துப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவள் முகம் தொங்கிப்போனது.

"மானோடதும்மா," என்றாள்.

ஹய்ரா குழியோரம் மண்டிபோட்டு அதைக் கையில் வாங்கினாள். முக்காட்டு நுனியால் துடைத்தாள். "நல்லாப் பாருங்க டாக்டரம்மா. அவன் ஒல்லியா இருப்பான். ஊரை முற்றுகை போட்டு வச்சிருந்தாங்களே, மூணு வருஷம் சரியான சோறே இல்லை, எலும்பு இப்படித்தான் ஆகும். இன்னொரு தரம் பாருங்க." எலும்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள், யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

வெலித்தால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. எமிரின் நியாயமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது.

"தோண்டாதீங்க," என்றான். யாரும் திரும்பவில்லை. மறுபடியும் சொன்னான். "தோண்டாதீங்க. இங்க யாரும் இல்லை. நான் யாரையும் சுமக்கலை, யாரையும் புதைக்கலை. ஜெமாலை இந்த மரத்தடியில உசுரோட விட்டுட்டு ஓடிட்டேன். புத்தகத்துல இருக்கிறதெல்லாம் நான் கட்டினது."

புத்தகம் வைத்திருந்தவன் அதை மெல்ல மூடினான். பெண்களில் ஒருத்தி காறித் துப்பினாள். ஹய்ரா எலும்பைத் தரையில் வைத்துவிட்டு, கையைப் புல்லில் துடைத்துக்கொண்டாள்.

"உன் படத்தை ரெண்டு தரம் பாத்தேன்டா," என்றாள். "ரெண்டு தரமும் உனக்காக அழுதேன்."

போய்த் தார்ப்பாயில் உட்கார்ந்தாள். ஃபிளாஸ்கிலிருந்து காப்பியைக் கோப்பையில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

பெஹியா மரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அடிப்பாள் என்று வெலித் எதிர்பார்த்தான், அடித்தால் தேவலை என்றிருந்தது.

"எங்க உட்கார்ந்திருந்தான்?" என்று கேட்டாள்.

காட்டினான்.

"கடைசியா என்ன சொன்னான்? 'எனக்குப் பயமா இல்லைன்னு அம்மாகிட்டச் சொல்லு'ன்னு எழுதியிருந்தியே, அதை விடு. நெஜமா என்ன சொன்னான்?"

"தண்ணி கொண்டு வரேன்னு சொன்னேன். 'நெறையக் கொண்டு வா, உனக்கும் சேர்த்து'ன்னான்."

பெஹியா தலையை ஆட்டினாள், பல தரம் ஆட்டினாள். "நீ ஓடினது தப்பில்லை. ரெண்டு பேரையும் ஓடுங்கடான்னு சொன்னவளே நான்தான். அதுக்காக உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு அவள் குரல் உடைந்தது. "உன் மடியில செத்தான்னு நெனச்சுத்தான்டா இருபத்தாறு வருஷம் நான் தூங்கினேன். இப்ப எனக்கு எழுபத்தினாலு வயசு. இனிமே அவன் எனக்கு முதல்லேர்ந்து சாகணும், கையைக் கட்டிச் சாகணும். அதைத் தாங்கி முடிக்க எனக்கு வயசு எங்கடா இருக்கு?"

வெலித் அழுதான். அவள் அவனைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, இருந்ததை மண்ணில் கொட்டி, வெறும் பாட்டிலை நீட்டினாள்.

"ஊத்து எங்க இருக்குன்னு தெரியும்ல? போய்ப் பிடிச்சுட்டு வா."

"அம்மா..."

"போடா. நான் இங்கதான் இருக்கேன்."

மரத்தில் கையை ஊன்றி, நோகிற முட்டியோடு மெதுவாக இறங்கி, ஜெமால் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். வெலித் பாட்டிலோடு சரிவில் இறங்கினான். ஊற்று வெகு தூரம், நடுவில் சிப்பாய்கள் வந்துவிட்டார்கள், திரும்ப வழியே இல்லை: இப்படித்தான் அவன் தனக்கே சொல்லி வைத்திருந்தான். உண்மையில் எந்தச் சிப்பாயும் வரவில்லை. அன்று தண்ணீர் குடித்தான், குப்பியை நிரப்பினான், எதிர்ச்சரிவில் ஒரு கூட்டம் வேகமாகப் போவதைப் பார்த்தான், அதோடு சேர்ந்துகொண்டான். இப்போது ஊற்றில் பாட்டிலைப் பிடித்தான். நிரம்பியது. திரும்பி ஏறினான். புதரை விலக்கினால் மரம் தெரிந்தது, மரத்தடியில் அம்மா தெரிந்தாள்.

ஹய்ரா கையிலிருந்த காப்பியில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

பெஹியா பாட்டிலை வாங்கினாள். அதன் மேல் வழிந்த ஈரத்தைப் பார்த்தாள், அவன் வந்த சரிவைப் பார்த்தாள், பிறகு மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவு பக்கத்துலயாடா இருந்துச்சு?" என்று கேட்டாள்.