வெயில் முறை

எங்கள் ஊரில் விளைச்சலைக் காயவைக்கும் சோலார் கொட்டகைகள் வந்த நாளிலிருந்து வெயில் முறை வைத்துத்தான் வருகிறது. பங்குக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி. முறைக்காரனின் கொட்டகைக்குள் மட்டும் வெயில் அடிக்கும். மற்ற இடமெல்லாம் மூட்டமாக இருக்கும். முறை முடிந்ததும் அடுத்தவன் போய் வாய் திறந்து கேட்க வேண்டும். வைத்திருப்பவன் "எடுத்துக்கோ" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அது நகரும்.

எனக்கு முந்தின முறை தீர்த்தமலைக்கு. என் பெரியப்பா மகன், எனக்கு மூத்தவன். பதினோரு வருடத்துக்கு முன்னால் என் முறையில் இருபது நிமிஷம் வெயிலை வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. என் மனைவி பூங்காவனம்தான் போய்க் கேட்டு வாங்குவாள். இந்தத் தடவை அவள் எங்கள் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டாள்.

மழையில் பிடுங்கிய கடலை. அடுத்த பட்டத்துக்கான விதை முழுவதும் அதுதான். தட்டுகளில் பரப்பி நான்கு நாளாகிறது. ஒரு காயை எடுத்துக் காதோரம் குலுக்கினேன். சத்தமில்லை. மூலைத் தட்டில் நூல் நூலாகப் பூஞ்சை கிளம்பியிருந்தது. இன்றைய வெயில் தவறினால் அத்தனையும் குப்பைக்குத்தான்.

பன்னிரண்டு மணிக்கு என் முறை. வரப்பில் போய் நின்றேன். தீர்த்தமலை தன் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் வெயில் இருந்தது. அவன் கடலை காய்ந்து முடிந்து, ஓடு வெடிக்கிற சத்தம் வரப்பு வரை கேட்டது. அவனுக்கு வெயில் தேவையே இல்லை. நான் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பன்னிரண்டேகால் ஆனது. பன்னிரண்டரை ஆனது. என் கொட்டகையிலிருந்து பூஞ்சை வாடை வரத் தொடங்கியது.

என் வெள்ளாடு எங்களுக்கு நடுவில் மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சொன்னேன்.

"சில பேருக்கு மணி பாக்கத் தெரியலயாம். வெயிலைக் குடுக்கச் சொல்லு."

தீர்த்தமலையும் ஆட்டைத்தான் பார்த்தான்.

"சில பேருக்குப் பொண்டாட்டி ஊர்ல இல்லன்னா வாயே இல்ல போல. சரி, நீயே எடுத்துக்கோ."

வெயில் ஆட்டின் மேல் வந்தது. அது வெயிலோடு வேலிப் பக்கம் மேயப் போனது. கடலைக்கொடியைக் காட்டிக் கூப்பிட்டேன். வரவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. இருபது நிமிஷம் அசையவில்லை. கடைசியில் தூக்கிக்கொண்டு போய்த் தட்டுகளுக்கு நடுவில் விட்டேன். கூரைத்தாளில் கோத்திருந்த நீர்த்துளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மூன்று மணிக்கு ஒரு காயைக் குலுக்கினேன். கலகலவென்றது.

எங்கள் ஊர் வழக்கப்படி, வெயிலை ஒருமுறை கையில் வாங்கியவருக்கு அதில் பாத்தியதை உண்டு. முறைப் பட்டியலில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஆட்டை எழுதினார்கள்.

அந்த இருபது நிமிஷத்தை நான் மறக்கவில்லை. ஆட்டோடு எனக்குப் பேச்சில்லை.

இப்போது என் முறை நாட்களான செவ்வாயும் வெள்ளியும் பன்னிரண்டு மணிக்கு வரப்பில் போய் நின்று தீர்த்தமலையைப் பார்த்துச் சொல்கிறேன்.

"அண்ணா, வெயிலைக் குடுக்கச் சொல்லு."

ஆடும் அவனைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறது.

"இருபது நிமிஷம் பொறுக்கச் சொல்லு."